பத்திரத்தில் ஒரு வரி: செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிப்போடும் நிபந்தனைகள்

சொந்த வீட்டில் எதைச் செய்யவும் யாரைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள், செட்டிநாட்டில் நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட ஒரு வளவு வீட்டில் பங்கு வைத்திருப்பவரிடம் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். வளவு ஓரமாகக் குளியலறை கட்டச் சித்தப்பா மகன் சரி சொல்ல வேண்டும். முகப்பை ஷூட்டிங்குக்கு விடப் பெரியப்பா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். விற்பது என்று வந்துவிட்டால் சென்னையில் நாலு கையெழுத்து, சிங்கப்பூரில் ரெண்டு, அமெரிக்காவில் ஒன்று. இவற்றில் எதுவும் அரசாங்கம் போட்ட தடை இல்லை. ஐயா காலத்துப் பத்திரத்தில் எழுதிவைத்த வரிகள் செய்கிற வேலை.

அந்த வரிகளைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உண்டு. பத்திரத்தில் எழுதியாகிவிட்டது, இனி மீறவே முடியாது என்பது ஒன்று. அது பழைய காகிதம், இன்றைக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் பாதிதான் சரி. ரொம்பக் கடுமையான குரலில் எழுதிய வரி பல நேரம் கோர்ட்டில் நிற்காது. போகிற போக்கில் எழுதியதுபோலத் தெரிகிற வரிதான் மூன்று தலைமுறை தாண்டியும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் மூன்று அண்ணன் தம்பிகள் 1952இல் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். வளவில் ஆளுக்கு இரண்டு அறை. முகப்பு, வளவு, கிணறு மூன்றும் பொது. பங்கை யாரும் அந்நியருக்கு விற்கக் கூடாது, விற்பதானால் பங்காளிகளுக்கே முதலில் கொடுக்க வேண்டும். பின்னால் இருக்கிற தோட்டம் இளையவருக்கு, ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி அவர் எதுவும் கட்டக் கூடாது. ஓட்டை ஒவ்வொருவரும் முறைவைத்து மராமத்து செய்ய வேண்டும். தாயாருக்கு ஆயுள் உள்ளவரை ஓர் அறை. கடைசியில் வழக்கமான மங்களம்: அவரவர் பாகத்தை 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்' ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

விற்கக் கூடாது என்று சொன்ன அதே பத்திரம் விற்கிரயத்துக்கு யோக்கியம், அதாவது விற்கலாம், என்றும் சொல்கிறது. எழுதியவர் இதில் முரண் எதையும் பார்த்திருக்க மாட்டார். சட்டம் பார்க்கிறது.

சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882இன் 10ஆவது பிரிவு, சொத்தை ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் அதைக் கைமாற்றவே கூடாது என்று அடியோடு தடுக்கிற நிபந்தனை செல்லாது என்கிறது. நிபந்தனை மட்டும்தான் போகும், சொத்து வாங்கியவரிடமே இருக்கும். 'விற்கவோ அடமானம் வைக்கவோ எக்காலத்திலும் உரிமை இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுதிய தான செட்டில்மென்ட்டுகள் பல இந்த இடத்தில்தான் சறுக்கும். முழு உரிமையையும் கொடுத்துவிட்டு விற்கிற உரிமையை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் தடை அரைகுறையாக இருந்தால் கதை வேறு. குடும்பத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை 1932இல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. அங்கே விற்பனையே தடுக்கப்படவில்லை, யாருக்கு என்பதுதான் சுருக்கப்பட்டிருந்தது. பங்காளிக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்கிற வரிக்கு இன்னும் பலம் அதிகம். பாகம் பிரித்துக்கொண்ட சகோதரர்களுக்கு இடையே இருந்த அப்படிப்பட்ட ஓர் ஏற்பாடு 1967இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. காலவரையறை இல்லாத நிபந்தனை என்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது, அடுத்து வந்தவர்களையும் அது கட்டும் என்று தீர்ப்பானது. ஆகவே நம் கற்பனைப் பத்திரத்தில் 'அந்நியருக்கு விற்கக் கூடாது' என்கிற முதல் பாதியில் வாதாட இடமுண்டு. 'பங்காளிகளுக்கே முதலில்' என்கிற பின்பாதி கிட்டத்தட்ட இரும்பு.

இந்த வரியே இல்லாவிட்டாலும் குடும்ப வீட்டுக்குச் சட்டம் ஒரு காவல் போட்டிருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. கூட்டுக் குடும்பத்து வீட்டில் ஒருவருடைய பங்கை அந்நியர் விலைக்கு வாங்கினாலும், அதே சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி அவர் உள்ளே வந்து வளவில் பாய் விரித்து உட்கார முடியாது. பாகம் கேட்டு வழக்குத்தான் போட வேண்டும். வழக்குப் போட்டால், பாகப்பிரிவினைச் சட்டம், 1893இன் 4ஆவது பிரிவைக் காட்டி, கோர்ட் மதிப்பிடுகிற விலையைக் கொடுத்து அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வளவு வீட்டில் ஒற்றைப் பங்கை வாங்க வருகிற வெளியாள், விலை ஏன் குறைவு என்பதை இங்கேதான் தெரிந்துகொள்வார்.

இனி தோட்டத்தைப் பற்றிய வரி. சுவரை ஒட்டிக் கட்டக் கூடாது. இது விற்பனையைத் தொடவே இல்லை, நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் தொடுகிறது. மொத்தப் பத்திரத்திலும் உண்மையில் வலுவான நிபந்தனை என்று இதைத்தான் சொல்வேன்.

இதன் வேர் லண்டனில் இருக்கிறது. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தை டல்க் என்பவர் 1808இல் விற்றார். சுற்றியிருந்த வீடுகள் சில அவருடையவை. ஆகவே தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும், கட்டடம் எழுப்பக் கூடாது என்று வாங்கியவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். கைமாறிக் கைமாறி அது மோக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த வரி இல்லை. ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருப்பது அவருக்குத் தெரியும். கட்டப்போனார், டல்க் வழக்குப் போட்டார். தெரிந்தே வாங்கியவர் நிபந்தனையை மீற முடியாது என்று 1848இல் தீர்ப்பு வந்தது. அந்தச் சதுக்கத்தின் நடுவில் இன்றும் தோட்டம் இருக்கிறது.

இந்தக் கொள்கை நம் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் 11, 40 ஆகிய பிரிவுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஒருவருக்குச் சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று சொல்ல முடியாது என்பது பொது விதி. கொடுத்தவருக்குப் பக்கத்திலேயே வேறு சொத்து இருந்து, அதன் நன்மைக்காக அந்த நிபந்தனை போடப்பட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. சுவரை ஒட்டிக் கட்டக் கூடாது என்பது அண்ணன்மார் அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர எழுதியது. எந்தச் சொத்துக்கு நன்மை என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் நிற்கும். மாறாக, பிள்ளை இல்லாத ஒருவர் தன் வீட்டை அண்ணன் மகனுக்கு முழுசாக எழுதிக்கொடுத்துவிட்டு, 'கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் பயன்படுத்த வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது' என்று எழுதினால் அது ஆசை மட்டுமே. அதன் நன்மை போய்ச் சேர இன்னொரு சொத்து இல்லை. அது நடக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்திருந்தால் அவர் டிரஸ்ட் ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

செல்லுகிற நிபந்தனை யார் யாரைக் கட்டும்? விலை கொடுத்து, நிபந்தனை இருப்பதே தெரியாமல் வாங்கியவரை மட்டும் கட்டாது. தானமாகப் பெற்றவர் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. வாரிசாக வந்தவருக்கோ, முன்னோர் விட்டுப்போனதற்கு மேல் ஒன்றும் கையில் வராது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை வாரிசாகவும் செட்டில்மென்ட்டாகவும் கைமாறுகிறவை என்பதால், அங்கே தப்புகிற ஆட்கள் குறைவு. விலைக்கு வாங்குகிறவருக்கும் 'தெரியாது' என்று சொல்வது சுலபம் இல்லை. சொத்து சம்பந்தமான பத்திரம் முறைப்படி பதிவாகியிருந்தால், பிறகு வாங்குகிறவருக்கு அது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், அவர் படித்தாரா இல்லையா என்று கேட்காது.

வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது என்பார்கள். ஈசி என்கிற வில்லங்கச் சான்றிதழ், எந்தத் தேதியில் யார் யாருக்கு என்ன வகைப் பத்திரம் எழுதினார்கள் என்கிற பட்டியல். 1952இல் ஒரு பாகப்பிரிவினை நடந்தது என்று அது சொல்லும். அந்தப் பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில் தோட்டத்தைப் பற்றி ஒரு வரி இருப்பதைச் சொல்லாது. அதற்குத் தாய்ப்பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கி, எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். 30 வருஷ ஈசி பார்த்தால் போதும் என்கிற பழக்கம் இந்த மாதிரி வீடுகளுக்குப் பொருந்தாது. கடைசியாக எப்போது பாகம் பிரித்தார்களோ அதுவரை பின்னால் போக வேண்டும், அது 70 வருஷமாக இருந்தாலும் சரி.

'மராமத்து செய்ய வேண்டும்' என்கிற வரிக்கு என்ன கதி? சோகமான கதிதான். இப்படிச் செய்யாதே என்கிற நிபந்தனை நிலத்தோடு பயணம் செய்யும். இப்படிச் செய், இவ்வளவு செலவழி என்கிற நிபந்தனை பொதுவாக எழுதியவர்களோடு நின்றுவிடும். இங்கிலாந்தில் இது 1885இலேயே தீர்ப்பாகிவிட்டது, நம் சட்டத்தின் 40ஆவது பிரிவும் தடுக்கிற உரிமையைப் பற்றித்தான் முதன்மையாகப் பேசுகிறது. விளைவு, பேரன் சுவரை ஒட்டி ஒரு ஷெட் போட்டால் கோர்ட்டுக்குப் போய் நிறுத்தலாம். அதே பேரன் தன் முறைக்கு ஓடு மாற்றாமல் விட்டு, மழைநீர் இறங்கி பர்மாத் தேக்கு உத்தரம் இற்றுப்போனால், பத்திரத்தைக் காட்டி அவரை ஏணியில் ஏற்ற முடியாது. கூட்டுச் சொத்துக்கு அவசியமான செலவைச் செய்தவர் மற்றவர்களிடம் பங்கு கேட்கலாம், பாகம் பிரிக்கும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அது பணத்துக்கு வழி. கூரைக்கு வழி இல்லை.

இதுவரை பார்த்தவை எல்லாம் நிபந்தனைகள். செட்டிநாட்டு வீட்டை உண்மையில் அசையவிடாமல் வைத்திருப்பது நிபந்தனையே அல்ல. 'முகப்பு, வளவு, கிணறு பொது' என்று ஒற்றை வரியில் எழுதிப்போனார்களே, அதுதான்.

அந்த வீட்டின் அமைப்பிலேயே இது இருக்கிறது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பக் கணக்கு. கல்யாணத்துக்குப் பிறகு அவர்களை 'வேறு வைப்பார்கள்'. தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூரை மட்டும் ஒன்று. பத்திரமும் அதே வடிவத்தை அப்படியே காகிதத்தில் இறக்கியது: அறை தனி, மற்றதெல்லாம் பொது. ஒரு தலைமுறைக்கு மூன்று சகோதரர்களாக இருந்தவர்கள் அடுத்த தலைமுறையில் ஒன்பது பேர், அதற்கடுத்து முப்பது பேர். ஆறு அறையை முப்பது பேருக்குப் பிரிக்க முடியாது. முகப்பில் முப்பதில் ஒரு பங்கு என்பது எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவே என்று யாரும் கோடு போட முடியாது.

பொது என்பதற்குச் சட்டப் பொருள், ஒவ்வொரு அங்குலத்திலும் எல்லோருக்கும் உரிமை. ஒருவர் மற்றவர்களைக் கேட்காமல் அதன் உருவத்தை மாற்ற முடியாது, மாற்றப்போனால் தடை உத்தரவு வாங்கலாம். காலாவதியும் கிடையாது. 40 வருஷமாக மலேசியாவில் இருப்பவர் ஒரு நாள் கூட வந்து பார்க்காவிட்டாலும் அவர் பங்கு அப்படியே இருக்கும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் சொத்தைக் கைவசம் வைத்து அனுபவிப்பது எல்லோருடைய அனுபவமாகவே கருதப்படும். அவருக்கு உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, அது அவருக்குத் தெரிந்து, 12 வருஷம் ஓடியிருந்தால்தான் வேறு பேச்சு. வீட்டிலேயே இருந்து விளக்கேற்றிக் கூட்டிப் பெருக்குகிற ஒரே ஆச்சிக்கு இதனால் தம்பிடி அளவும் பங்கு கூடுவதில்லை. நியாயமா என்றால், எனக்கு நியாயமாகப் படவில்லை.

முட்டிக்கொண்டால் பாகவழக்குத்தான். வீட்டை அறுத்துப் பிரிக்க வழி இல்லையென்றால், பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர்கள் கேட்கும்போது மொத்தத்தையும் விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893ஆம் வருஷச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அப்புறம் நடப்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்க்கலாம். பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவுகள், தூண்கள், பீங்கான் ஜாடிகள், பெல்ஜியம் கண்ணாடிகள். எல்லாம் இப்படி வந்தவை என்று சொல்லவில்லை, மனமுவந்து விற்றவர்களும் உண்டு. ஆனால் பிரிக்க முடியாத வீட்டில் பிரிக்க முடிந்தது மரமும் கல்லும்தான் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தாயாருக்கு ஆயுள் உள்ளவரை ஓர் அறை என்ற வரியிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. ஆயுள் உரிமைக்காரர் தன் காலத்துக்கு மேல் விற்க முடியாது. இது 10ஆவது பிரிவில் அடிபடுகிற தடை அல்ல, அவருக்குக் கொடுத்ததே அவ்வளவுதான். ஆனால் ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஓர் இந்துப் பெண்ணுக்குக் கொடுத்த சொத்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 14ஆவது பிரிவின்படி அது அவருக்கு முழு உரிமையாகிவிடும் என்று துளசம்மா வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜீவனாம்ச உரிமை ஏற்கெனவே இருந்ததா, அல்லது இந்தப் பத்திரம்தான் முதன்முதலாக உரிமை கொடுத்ததா என்பதில் வழக்கு திரும்பும். 'ஆயுள்வரை மட்டும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த அறைகள் சில இப்படி ஆச்சிகளுக்கே சொந்தமாகியிருக்கக்கூடும். பெண் வாரிசுகளையும் மறக்க வேண்டாம். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு வீட்டில் பங்கில்லை என்ற பழைய வழக்கை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தி, அதற்குள் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வரம்பையும் எடுத்தது. குடியிருக்கிற வீட்டில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றிருந்த 23ஆவது பிரிவும் அத்தோடு போனது. பழைய பத்திரம் மகன்கள் பெயரை மட்டும் சொல்லலாம். இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பட்டியல் அதைவிட நீளம்.

பத்திரத்தில் எழுதாமலேயே வருகிற கட்டுப்பாடுகளும் உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு உங்கள் நிலத்தின் வழியாக 20 வருஷம் தடையின்றி வெளிச்சம் வந்திருந்தால், இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882இன்படி அது அவர்களுக்கு உரிமையாகலாம். முற்றத்து மழைநீர் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகிற ஊர்களில், அடுத்தவர் கால்வாயை அடைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் பக்கத்தில் வீடு இருந்தால், 2010ஆம் வருஷத் திருத்தத்தின்படி 100 மீட்டருக்குள் புதிய கட்டடமே கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் மட்டும் உங்கள் வீட்டை இடிக்கக் கூடாது என்ற தடை வந்துவிடாது. அந்தப் பட்டியலை நம்பி நிம்மதியாக இருப்பவர்களும், அதற்குப் பயந்து அவசரமாக இடிப்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

காரைக்குடியைச் சுற்றி முளைத்திருக்கிற புது மனைப்பிரிவுகளில் பிரச்சினை வேறு முகம் காட்டுகிறது. 'குடியிருப்புக்கு மட்டும்', 'கடை கட்டக் கூடாது' என்று மனை விற்றவர் பத்திரத்தில் போட்டிருப்பார். எல்லா மனையையும் விற்றுவிட்டுப் போன பிறகு அவருக்கு அங்கே நன்மை பெற நிலம் ஏது? ஒரே திட்டத்தின்கீழ், ஒரே நிபந்தனையோடு, எல்லோருக்கும் பொது நன்மை என்று விற்றிருந்தால் மனைக்காரர்கள் ஒருவருக்கொருவர் அதை வலியுறுத்தலாம் என்கிற வாதம் இங்கிலாந்தில் 1908 முதல் இருக்கிறது. நம் ஊரில் அதை நிரூபிக்க வேண்டியவர் வழக்குப் போடுகிறவர். பூங்கா இடம் அப்படி இல்லை. அங்கீகரித்த மனைப்பிரிவில் ரோடும் பூங்காவும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும், மனை விற்றவர் பிறகு அதை மனையாக்கி விற்க முடியாது.

அரசு ஒப்படை நிலத்திலும், அதாவது அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலத்திலும், எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இன்றைய பட்டியல் சாதியினருக்கு நிலம் கொடுக்க 1892இல் தொடங்கிய பஞ்சமி நில ஒப்படைகளில், முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, பிறகும் பட்டியல் சாதியினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனை உண்டு. தனியார் பத்திரத்தில் இருந்தால் தள்ளாடக்கூடிய வாசகம், அரசு கொடுத்த நிலத்தில் உறுதியாக நிற்கும். எத்தனை கை மாறியிருந்தாலும் வாங்கியவர் நிலத்தை இழக்கலாம்.

சரி, நிற்கிற நிபந்தனையை அவிழ்க்க வழி உண்டா? இங்கிலாந்தில் காலாவதியான நிபந்தனையை ரத்து செய்ய 1925ஆம் வருஷச் சட்டத்தில் தனி வழியே இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று இல்லை. கட்டடம் எழும்பும்போது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு வழக்குப் போட்டவருக்குக் கோர்ட் தடை உத்தரவு தர மறுக்கலாம். ஆனால் பங்காளியின் மௌனத்தை நம்பி மாடி கட்டுவது ஆபத்து. நேர் வழி, யாருடைய நன்மைக்காக நிபந்தனை போடப்பட்டதோ அவர்கள் எல்லோரும் சேர்ந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுப்பது. பழைய பத்திரத்தின் எண், வருஷம், எந்த வரி என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று வெள்ளைத்தாளில் வாங்கி பீரோவில் வைப்பது அடுத்த தலைமுறைக்கு உதவாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் எழுதி அனுப்பலாம். அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரகம் முன்பு கையெழுத்துப் போட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். யாராவது ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் விடுதலைப் பத்திரம் அவரைத் தவிர மற்றவர்களை மட்டுமே கட்டும், அவருடைய வாரிசுகள் பின்னால் வந்து கேட்கலாம். அந்த நிலையில் பாகவழக்குப் போட்டு அவருக்குப் பத்திரிகை மூலம் சம்மன் அனுப்புவதுதான் மிச்சம் இருக்கிற வழி.